அண்ணி தராத மாத்திரை

1

இந்தக் கதை ஒரு அரிப்பில் பிறந்தது. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் படர்தாமரை வந்தது. இடுப்பில், அக்குளில், சொல்லக் கூச்சப்படுகிற இடங்களில். ஒருவர் முன்னால் ஒருவர் சொறிய வெட்கப்பட்டு ஆளுக்கொரு மூலை தேடி ஓடினோம். ஆகா, நல்ல நகைச்சுவைக் கதை மாட்டியது என்று பேனாவை எடுத்தேன்.

எழுத எழுத, கதை என் அண்ணன் மனைவி பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அண்ணி குறையே இல்லாதவள் என்று சொல்ல வரவில்லை. கோபம் வந்தால் எங்களோடு பேசாமல் பாத்திரங்களோடு பேசுவாள். ஆனால் இந்த விஷயத்தில் அவள் செய்தது அத்தனையும் சரி. எல்லாவற்றையும் சரியாகச் செய்கிற ஆளை வைத்துக்கொண்டு ஒரு கதைக்காரி எப்படிப் பிழைப்பது, நீங்களே சொல்லுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: "அந்தப் பெரிய சலவை நிலையத்தில், ரப்பர் பூட்சுக்குள் நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய கால்களோடு அவள்—"

வேண்டாம். அண்ணியின் வேலையைக் காட்டி உங்களை அழவைக்கப் பார்க்கிறது.

இரண்டாம் முயற்சி: "அவளைப் போல ஒரு கஞ்சப் பிசினாறியை—"

இது அப்பாவின் குரல். இதுவே இருக்கட்டும். ஏனென்றால் எங்கள் வீட்டில் 'என்னுடையது' என்று எதையும் ஒளித்து வைக்கிற வழக்கம் கிடையாது. சோப்பு, சீப்பு, துண்டு எல்லாம் பொது. (படர்தாமரை எப்படி வீடு முழுக்கச் சுற்றியது என்று இப்போது புரிந்திருக்கும்.) மாத்திரையும் பொதுதான். சமையலறை அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பா உண்டு. யாருக்கு உடம்பு தேறினாலும் மிச்ச மாத்திரை அதற்குள் போய்விடும். டப்பாவுக்கு அப்பா பொறுப்பு. தலைவலி என்று போய் நின்றால் கிளறி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒன்றை எடுத்துத் தருவார். 'பாதி டாக்டர்' என்று அண்ணன் கிண்டல் செய்வான். அப்பாவுக்கு அதில் உள்ளூரப் பெருமை. பாசத்தை வாயால் சொல்லத் தெரியாத மனுஷன், மாத்திரையால் சொல்லிக்கொண்டிருந்தார்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று. அப்பாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றியிருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். நகைச்சுவைக் கதையில் இதற்கு என்ன வேலை என்று முதல் பிரதியில் விட்டுவிட்டேன். கதையே இதுதான் என்று பிறகுதான் உறைத்தது.]

3

அண்ணன் மருந்துக்கடையில் கேட்டு ஏதோ ஒரு களிம்பு வாங்கி வந்தான். எல்லோரும் பூசிக்கொண்டோம். அடங்கினாற்போல் அடங்கி, முன்னைவிட அகலமாகப் படர்ந்தது. அண்ணிதான் முதலில் டாக்டரிடம் போனாள். அவர் அந்தக் களிம்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, அவளுடைய மற்ற மருந்துகளையும் உடம்பையும் பற்றி விசாரித்து, மாத்திரை எழுதிக் கொடுத்தார். எழுந்திருக்கும்போது அண்ணி ஒன்று கேட்டாள்.

"வீட்ல மாமாவுக்கும் இதே மாதிரிதான் இருக்கு. இதையே அவருக்கும் கொடுக்கலாமா?"

என் கதாநாயகியின் வீரச்செயல் இவ்வளவுதான். கேட்டாள். நம்மில் எத்தனை பேர் கேட்கிறோம்? சீட்டை மடித்துக்கொண்டு, விட்டால் போதும் என்று வெளியே ஓடி வருகிறோம்.

"அவர் வேற என்ன மாத்திரை சாப்பிடறார்?" என்றார் டாக்டர். அண்ணி சொன்னாள். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அப்போ இதை அவர் தொடவே கூடாதும்மா. அந்த மாத்திரையோட வேகத்தை இது ஏத்திவிட்டுடும். உள்ளுக்குள்ள ரத்தம் கசிஞ்சா வெளியில தெரியக்கூடத் தெரியாது. அவரை நேரா கூட்டிட்டு வாங்க."

4

அண்ணி வந்து சொன்னதை அப்பா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"நான் கொடுத்த மாத்திரையில யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கா? அதே அரிப்பு, அதே மாத்திரை. இதுக்கு எதுக்குத் தனியா ஒரு டாக்டர்?"

அண்ணி மாத்திரை அட்டையைக் கைப்பையில் போட்டு, வேலைக்குப் போகும்போதும் கூடவே கொண்டுபோனாள். வீடே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. "ஒண்ணே ஒண்ணுதானேம்மா, பெரியவர் கேக்கறார்," என்றாள் அம்மா. "கொடுத்துத் தொலையேன்," என்றான் அண்ணன்.

இந்த இடத்தில் ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அதில் அண்ணி மருந்துகளைப் பற்றி ஒரு பிரசங்கமே செய்தாள். உண்மையில் அவள் எந்தப் பிரசங்கமும் செய்யவில்லை. "டாக்டர் கூடாதுன்னு சொல்லியிருக்கார் மாமா. வாங்க, போய்ப் பார்க்கலாம்," என்பதையே கீறல் விழுந்த ரெக்கார்டு மாதிரித் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் குளிக்கப் போயிருந்தபோது கைப்பை நாற்காலியில் கிடந்தது. மருமகள் பையில் கை விடுகிற ஆள் இல்லை என் அப்பா. அரிப்பு அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்துவிட்டது. நான் கூடத்துக்கு வந்தபோது ஒரு கையில் தண்ணீர் டம்ளர், இன்னொரு உள்ளங்கையில் மாத்திரை. "அப்பா" என்று நான் வாயைத் திறப்பதற்குள் ஈரத் தலையோடு அண்ணி வந்துவிட்டாள்.

அப்பாவின் கையிலிருந்து எதையும் யாரும் பிடுங்கியதில்லை, அம்மா உட்பட. அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்து, மூடிய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மாத்திரையை எடுத்தாள்.

"விடும்மா," என்றார் அப்பா.

"கோவிச்சுக்கங்க மாமா. எத்தனை வருஷம் வேணும்னாலும் என்கிட்ட பேசாம இருங்க. உசுரோட இருந்து பேசாம இருங்க."

எடுத்த மாத்திரையை அவள் அங்கேயே தன் வாயில் போட்டு விழுங்கினாள் என்று எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. என்ன ஒரு காட்சி! ஆனால் அன்றைக்கு உண்டானதை அவள் காலையிலேயே சாப்பிட்டுவிட்டாள். என் கதை நன்றாக வர வேண்டும் என்பதற்காக இன்னொன்று சாப்பிடுவாளா?

5

முடிவு, முதல் முயற்சி: அப்பா வெளியில் எங்கோ அதே மாத்திரையை வாங்கிச் சாப்பிட்டுவிடுகிறார். காலையில் பல் துலக்கும்போது வாஷ்பேசின் சிவப்பாக—

அண்ணி சொன்னது சரி என்று நிரூபிக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் எழுதிய தாளை மேசையில் விட்டுப் போனேன், அண்ணி படித்துவிட்டாள்.

"எதுக்கு அவர் வாயில ரத்தம் வர வைக்கிற?"

"நீங்க செஞ்சது எவ்வளவு பெரிய விஷயம்னு படிக்கிறவங்களுக்குத் தெரிய வேண்டாமா அண்ணி?"

"தெரியாட்டிப் போகுது. அதுக்கு அவரையா காவு கொடுப்ப?"

கிழித்துப் போட்டேன்.

இரண்டாம் முயற்சி: அப்பா கண்கலங்கி அண்ணியின் முன்னால் நின்று, "நீதாம்மா என்னைக்—"

இதைப் படித்துவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரு, நம்ம மாமாவா?"

நடந்தது இது. அப்பா கடைசியில் என்னோடு டாக்டரிடம் வந்தார். டாக்டர் மாத்திரை தரவில்லை. பூசுவதற்கு மட்டும் மருந்து கொடுத்து, அரிப்பு நின்றாலும் சொன்ன காலம் வரை பூசவேண்டும், இனி கேட்காமல் எந்த மாத்திரையையும் தொடக்கூடாது என்றார். வெளியே வந்ததும் அப்பா சொன்னார்: "உங்க அண்ணிக்கு ஏத்த டாக்டர்தான். ஒரு மாத்திரை கொடுக்க மனசு வருதா பாரு."

அவருக்குப் படர்தாமரை ஆறி வருகிறது. அண்ணி, அரிப்பு போன பிறகும், டாக்டர் சொன்னபடி மாத்திரைகளை முடித்தாள். டப்பாவில் போட ஒன்றும் மிச்சமில்லை. துண்டுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்து, கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் துவைக்கிறாள். அப்பா இன்னும் அவளோடு பேசுவதில்லை. "உப்பு போதுமா மாமா?" என்று அவள் கேட்பாள். அவர் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார்.

6

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அண்ணியை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. அவள் செய்ததன் பலன், ஒன்றுமே நடக்காததுதான். ஒரு கிழவர் காலையில் எழுந்து, பல் துலக்கி, மருமகளை எங்களிடம் திட்டிவிட்டுச் செய்தித்தாள் படிக்கிறார். இதை எந்தப் பத்திரிகைக்காரர் கதை என்று ஒப்புக்கொள்வார்? நன்றி சொல்லக்கூட ஆளில்லாத ஒரு காரியத்தை, கெட்ட பேரையும் வாங்கிக்கொண்டு, ஒருத்தி செய்து முடித்திருக்கிறாள்.

எப்படி முடிப்பது என்று அவளிடமே கேட்டேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். "எப்படி வேணா முடிச்சுக்கோ. என்னைக் கஞ்சப் பிசினாறின்னே எழுது, எனக்கென்ன."

ஆகவே முடிவை உங்களிடம் விடுகிறேன். அப்பாவை அண்ணியோடு பேசவைக்கலாம், கடைசிவரை முறுக்கிக்கொண்டே இருக்கவும் விடலாம். ஆனால் நீங்கள் எழுத உட்கார்ந்ததும் அவர் உங்களிடம் வந்து மாத்திரை கேட்பார். ரொம்பப் பாசமாகக் கேட்பார், ஒன்றுதானே என்பார். கொடுத்துவிடாதீர்கள். அவர் என் அப்பா.