பத்தொன்பது நாள் குழம்பு

முந்நூற்று நாற்பத்திரண்டு. மாஸ்டரின் நோட்டில் என் பெயருக்கு நேரே அந்தத் தொகைதான் இருந்தது. ஏழு வாரச் சாப்பாட்டுக் கடன். ஈர சிமென்ட் என் பத்து விரலையும் அரித்துவிட்டதால் வேலை இல்லை. வேலை இல்லாததால் சம்பளம் இல்லை. வயிறு மட்டும் வேளை தவறாமல் டூட்டி பார்த்தது.

எங்கள் குடியிருப்பில் நாற்பது பேர். கடல் தாண்டி வந்து கட்டடம் கட்டுகிறவர்கள். எல்லோருக்கும் மாஸ்டர்தான் சமைத்துப் போடுவார், மாதம் முடிந்ததும் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார். ஒருநாள் காலை, எல்லோரும் வேலைக்குப் போன பிறகு, என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கடனைக் கேட்கத்தான் என்று நினைத்தேன்.

"தம்பி, போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்துச்சுல்ல. அது போகும்போது மூக்கையும் நாக்கையும் கையோட கூட்டிட்டுப் போயிடுச்சு. இப்ப பினாயிலும் பெருங்காயமும் எனக்கு ஒண்ணுதான்."

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"வந்தா வரும்ங்கிறாரு. வெளியில சொல்லிடாத. தெரிஞ்சா டிக்கெட் போட்டு அனுப்பிடுவாங்க. வயசு தாண்டிருச்சு, போனா திரும்ப வர முடியாது. ஊர்ல பொண்ணு நர்ஸ் படிப்புல பாதியில நிக்குது. நீ சும்மாதான உக்காந்திருக்க. ருசி பாத்துச் சொல்லு."

அன்றிலிருந்து அவருக்கு நான்தான் நாக்கு. என் கடனும் அதற்கு மேல் ஏறவில்லை. கையில் கட்டு இருந்ததால் அவரே கரண்டியில் எடுத்து, ஊதி, என் வாயில் விடுவார். காரம் அதிகம் என்பேன், அடுத்த வேளை குறைப்பார். புளி தூக்கல் என்பேன், அதையும் குறைப்பார். மல்லி போதாது என்பேன். ஒவ்வொன்றையும் அளவோடு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்வார். ஒரு வாரத்தில் குழம்பு சரியாக வந்து நின்றது. இந்த ஊருக்கு வந்த ஆறு வருடத்தில் அப்படி ஒன்றை நான் சாப்பிட்டதில்லை.

மற்றவர்கள் அப்படி நினைக்கவில்லை.

"மாஸ்டர், யாருக்கு உடம்பு சரியில்ல?" என்றார் கிரேன்காரர், தட்டைப் பார்த்துக்கொண்டே. "ஆஸ்பத்திரியில அம்மா கூடத் துணைக்கு இருந்தப்ப இதே குழம்புதான் குடுத்தாங்க. அங்க இலவசம்."

பாதிச் சோறு குப்பைத் தொட்டிக்குப் போக ஆரம்பித்தது. பத்தொன்பதாம் நாள் சூப்பர்வைசரே வந்தார். "நாளைக்கு நானும் சாப்பிட்டுப் பாக்குறேன். இதே மாதிரி இருந்தா வெளியில சாப்பாடு சொல்லிடுவேன் மாஸ்டர், கோச்சுக்காதீங்க."

அவர் போனதும், "உங்க மேல தப்பில்ல. அவனுங்களுக்கு நாக்கு செத்துப்போச்சு" என்றேன்.

மாஸ்டர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். மறுபடி படித்தார்.

"சின்ன வயசுல உங்க வீட்ல வசதியா?"

"அஞ்சு பேருக்கு ஒரு கூலி. நீங்களே பாத்துக்கங்க."

"அதான் இடிக்குது. கையில காசு இல்லாத வீட்ல காரம் தூக்கலா இருக்கும். துளிக் குழம்புல தட்டுச் சோறு இறங்கணும்ல. இதுல மிளகா பாதி, புளி அதவிடக் கம்மி, பூண்டை வேக வெச்சு மசிச்சிருக்கு, மல்லி ரெண்டு பங்கு. இது ருசிக்கு வெச்ச குழம்பு இல்ல, உன் நாக்கு பழகுன பத்தியம்." கண்ணாடியைக் கழற்றினார். "உங்க அப்பாவுக்கு வயித்துல என்ன?"

"அவருக்கு என்ன, கல்லு மாதிரி இருந்தாரு" என்று சொல்லும்போதே வாய் நின்றுவிட்டது.

அப்பா குப்புறப் படுத்துத்தான் தூங்குவார். தலையணை தலைக்கு இருக்காது, வயிற்றுக்கு அடியில் இருக்கும். அதுதான் அவர் தூங்குகிற விதம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். காரம் கேட்டால், காரம் தின்றால் படிப்பு ஏறாது என்பாள் அம்மா. நான் காரமும் தின்னவில்லை, படிப்பும் ஏறவில்லை. நோயாளிக்குத் தனிச் சட்டி வைத்தால் அவருக்கு மனசு விட்டுப்போகும் என்று வீட்டையே பத்தியத்தில் வைத்திருக்கிறாள். அப்பாவும் போய், அம்மாவும் போய், பதினோரு வருடம் ஆகிறது. இருவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. உப்பு உறைப்பு தெரியாத ஒரு மனிதர், அவர்களைப் பார்த்தே இராதவர், கடல் தாண்டி ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்து நோட்டைப் பார்த்துச் சொல்கிறார். அவரைத் தொட்டுப் பார்க்கவேண்டும் போல இருந்தது.

"சரி விடு," என்றார் மாஸ்டர். "உங்கப்பா வயித்துக் கணக்கைக் கழிச்சிட்டு அளந்தா நாளைக்குச் சரியா வரும்."

மறுநாள் அவர் அளந்த விதத்தை நான் மூச்சுவிடாமல் பார்த்தேன். எண்ணெயின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார். கொதியின் நிறம் மாறும்வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு கரண்டியை என் வாயில் விட்டார்.

"எப்படி?"

"தொண்டை எரியுது மாஸ்டர்."

"எவ்வளவு?"

"கண்ணுல தண்ணி வருது. என்னால முடியல."

"அப்ப இறக்கிடலாம்."

மத்தியானம் நாற்பது பேரும் உட்கார்ந்தார்கள். கிரேன்காரர் நெற்றி வேர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு இரண்டாவது முறை தட்டை நீட்டினார். சூப்பர்வைசர் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்து, நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். "வெளியில சாப்பாடு சொல்ல வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். மாஸ்டர் காலியான குழம்புச் சட்டியை எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

பாத்திரமெல்லாம் கழுவி முடித்ததும் நோட்டை எடுத்தார்.

"கணக்குப் பாத்தா நான்தான் உனக்குத் தரணும் போல."

"நான் எங்க சமைச்சேன்? வாயைத்தான் தொறந்தேன்."

"உன்ன யாரு சொன்னா. உங்கம்மா நாப்பது பேருக்குப் பத்தொன்பது நாள் ஆக்கிப் போட்டிருக்காங்க. பாதியைக் கொட்டுனது அவனுங்க கொழுப்பு."

முந்நூற்று நாற்பத்திரண்டின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். வரவுப் பக்கத்தில், 'அம்மா, பத்தொன்பது நாள்' என்று எழுதினார். நோட்டை மூடி வைத்துவிட்டு அரிசி அளக்கப் போனார்.