கார்டில் ஏறிய எடை

பள்ளிக்கூடத்து எடை மெஷினின் முள் ஒன்றரை வருடமாக நாற்பத்தொன்றிலேயே நின்றிருந்தது. யானை ஏறினாலும் நாற்பத்தொன்று, யாரும் ஏறாவிட்டாலும் நாற்பத்தொன்று. புது மெஷின் கேட்டு பி.டி. டீச்சர் மூன்று தடவை எழுதிக் கொடுத்தார். மூன்று தடவையும் பார்க்கலாம் என்றுதான் பதில் வந்தது. ஆனால் மாணவிகளின் உடல்நலக் கார்டு மட்டும் பருவத்துக்கு ஒருமுறை தவறாமல் நிரம்பி, பெற்றோர் கையெழுத்துக்கு வீட்டுக்குப் போய்த் திரும்ப வேண்டும். நானூற்றுப் பன்னிரண்டு பெண்கள், ஒரே ஒரு டீச்சர்.

உயரத்தைச் சுவரில் கோடு போட்டு ஒழுங்காகத்தான் அளந்தார். எடையைத்தான் மனசுக்குத் தோன்றியபடி எழுதினார். போன பருவத்து எடையோடு ஒருத்திக்கு ஒரு கிலோ, அடுத்தவளுக்கு ஒன்றரை. எல்லோருக்கும் ஒரே மாதிரி ஏறினால் சந்தேகம் வருமே, அதற்காக நடுநடுவே ஒருத்திக்கு அரைக் கிலோ. கொஞ்ச நாளில் அது கைவந்த கலையாகிவிட்டது. கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. காலில் ஆணி ஏறிய ஒரு பெண்ணை ஆஸ்பத்திரி வரைக்கும் முதுகில் சுமந்துகொண்டு ஓடியவர். இதனால் யார் குடி முழுகிவிடப் போகிறது என்று நினைத்தார், அவ்வளவுதான்.

பத்தாம் வகுப்பில் ஒருத்திக்கு நங்கூரம் என்று பட்டப்பெயர். கயிறு இழுக்கும் போட்டியில் எல்லோருக்கும் பின்னால் நின்று காலை ஊன்றிக்கொள்பவள். அவள் ஊன்றிவிட்டால் எதிரணி தலைகீழாக நின்றாலும் கயிறு அசையாது. பெயர் வைத்ததே டீச்சர்தான். தையல்காரியின் மகள், ஒரே மகள்.

அந்த வருடம் நங்கூரம் இளைத்தாள். பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். "பரவாயில்லையே, ஒரு வழியா உடம்பு குறைஞ்சிருக்கு" என்று டீச்சரும் முதுகில் தட்டிக் கொடுத்தார். அதே வாரம் அவளுடைய கார்டை எடுத்து, ஐம்பத்தெட்டரை என்று இருந்ததற்கு அடுத்த கட்டத்தில் அறுபது என்று எழுதினார். கண் பார்த்ததைக் கை கேட்கவே இல்லை. அந்த வகுப்பின் நாற்பது கார்டுகளில் அதுவும் ஒரு கார்டு. நங்கூரம் மைதானத்தில் அடிக்கடி தண்ணீர் குடித்தாள், அடிக்கடி பாத்ரூம் போகக் கேட்டாள். "ஓடச் சொன்னா மட்டும் உனக்குத் தாகம் வந்துடும்" என்று டீச்சர் கிண்டல் செய்தார். அவளும் சிரித்தாள்.

ஒரு திங்கட்கிழமை வாந்தி எடுத்தாள். செவ்வாய்க்கிழமை மூச்சு வாங்கியது, நினைவு தப்பியது. புதன்கிழமை அவள் இல்லை. சின்ன வயதிலேயே வருகிற சர்க்கரை நோய் என்றார்கள்.

துக்கம் விசாரிக்கப் போய்வந்த தலைமையாசிரியை டீச்சரிடம் விவரம் சொன்னார். பல மாதமாக இளைத்துக்கொண்டே வந்தாளா என்று டாக்டர் கேட்டாராம். அவளுடைய அம்மா பையிலிருந்து கார்டை எடுத்துக் காட்டினாராம். அப்படியென்றால் திடீரென்று முற்றியிருக்கிறது, சிலருக்கு அப்படித்தான் ஆகும் என்று சொல்லி டாக்டர் கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

டீச்சர் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னார்.

தலைமையாசிரியை கதவு சாத்தியிருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்துவிட்டு, "அந்தம்மாவுக்கு இப்ப இருக்கிற ஒரே ஆறுதல் அந்தக் கார்டுதான். அதையும் பிடுங்கணுமா? புள்ளை திரும்பியா வரப்போறா? உங்க வேலைதான் போகும். பேசாம இருங்க டீச்சர்" என்றார்.

டீச்சர் பேசாமல் இருந்தார். அந்த அம்மாவுக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். வேலை தப்பியதில் ஒரு ஓரத்தில் நிம்மதியாகவும் இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

பதினாறாம் நாள் அந்த அம்மா விளையாட்டுச் சாமான் அறைக்கே வந்துவிட்டார். கழுத்தில் அளவு டேப் தொங்கியது. தையல் மெஷினிலிருந்து எழுந்தவர் அப்படியே வந்திருக்கிறார். கையில் கார்டு.

"இதைத் திருப்பிக் கொடுக்கணுமாமே. நானே வெச்சுக்கட்டுமா டீச்சர்?"

"வெச்சுக்குங்கம்மா."

"போட்டோ நெறைய இருக்கு. ஆனா இதைப் பார்த்தாத்தான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வருது. நான் கவனிக்காம விட்டுடலன்னு இதுல இருக்கு, இல்லையா?" பந்துக் கூடைக்குப் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். "யூனிஃபார்ம் லூஸா இருக்குன்னு ரெண்டு தடவை கொண்டுவந்தா. ரெண்டு தடவையும் நான்தான் பிடிச்சுத் தெச்சேன். முப்பத்திரண்டு இருந்த இடுப்பு இருபத்தேழு. எனக்கே பகீர்னு ஆயிடுச்சு. டாக்டர்கிட்ட போலாமாம்மான்னு அவளே கேட்டா. அன்னைக்குப் பார்த்து கார்டு வந்துச்சு. பாருடி, ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கே, உனக்கென்ன கேடுன்னு சொல்லிக் கையெழுத்து போட்டேன்."

டீச்சர் பந்துக் கூடையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"துணி டேப்பு இழுபட்டுப் போனா அளவைக் கம்மியாக் காட்டும் டீச்சர். அதான்னு நெனச்சேன். பழசைத் தூக்கிப் போட்டுட்டு இதைப் புதுசா வாங்கினேன்."

இதற்கு மேல் டீச்சரால் முடியவில்லை. தலைமையாசிரியை சொன்ன நியாயமெல்லாம் அந்த டேப்பைப் பார்த்ததும் எங்கோ போய்விட்டது.

"அம்மா, அந்த எடை நான் பார்த்து எழுதினது இல்ல. மெஷின் ஒன்றரை வருஷமா ஓடல. எல்லாருக்கும் குத்துமதிப்பா ஏத்தி எழுதினேன். உங்க பொண்ணுக்கும் அப்படித்தான்."

அந்த அம்மா கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டுவார், அடிப்பார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று டீச்சர் காத்து நின்றார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவ எவ்வளவு இருந்தா?"

"தெரியாதும்மா."

"கொஞ்சம்கூடத் தெரியாதா?"

டீச்சர் தெரியாது என்று தலையை ஆட்டினார். "தப்பு என்னோடது. உங்க மேல ஒண்ணும் இல்லம்மா" என்று எப்படியோ சொன்னார். அது அந்த அம்மாவின் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

"டேப்பு சரியாத்தான் சொல்லியிருக்கு" என்றார் அந்த அம்மா. "டாக்டர்கிட்ட போலாமான்னு கேட்ட புள்ளைய நான்தான் வேண்டாம்னேன். நான் சொன்னா சரியா இருக்கும்னு அவளும் போய்ப் படுத்துக்கிட்டா."

கார்டை மேசைமேல் வைத்து டீச்சர் பக்கம் தள்ளினார். புடவையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். வாசல்வரை போனவர், பெண்கள் ஓடிக்கொண்டிருந்த மைதானத்தின் குறுக்கே போகாமல் ஓரமாகவே நடந்து வெளியே போனார்.