ஸ்வர்ணாவுக்கு ஒரு நினைவு விருந்து

தன் தையல் மெஷினை எடுத்துவரத்தான் ஸ்வர்ணா, தான் குடியிருந்த கிளென்ஃபீல்ட் வீட்டுக்குப் போனாள். கணவன் ராகேஷைப் பிரிந்து, ஊரின் மறுகோடியில், ஒடாஹுஹுவில் ஒரு வாடகை அறைக்குப் போனபிறகு அந்தப் பக்கமே வரவில்லை. கதவைத் திறந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண். ஸ்வர்ணா தன் பெயரைச் சொன்னதும் அவள் முகம் வெளிறிப்போனது.

அவள்தான் எலென். பிரான்சில், லியோன் நகரத்தின் க்ருவா ரூஸ் மேட்டில் அவளுக்கு வீடு. அந்தக் காலத்துப் பட்டு நெசவாளர்கள் தறி நிறுத்துவதற்காகவே கூரையை உயர்த்திக் கட்டிய பேட்டை அது. அங்கே தங்க வேண்டுமென்று ஸ்வர்ணாவுக்கு வெகுநாள் ஆசை. ஒரு மாதத்துக்கு வீடுகளை மாற்றிக்கொள்ளலாம் என்று எலெனிடம் பேசி முடித்ததும் ஸ்வர்ணாதான். பிரிந்த பிறகு, அது ரத்தாகிவிட்டதாக ராகேஷ் சொல்லியிருந்தான்.

எலென் தயங்கித் தயங்கிச் சொன்னாள். மனைவி இறந்துவிட்டாள், அவள் ஆசைப்பட்ட இடத்தை நானாவது பார்க்கிறேன், துணைக்குத் தங்கை வருகிறாள் என்று அவன் எழுதினானாம். அதைப் படித்து எலென் அழுதேவிட்டாளாம். இப்போது அவர்கள் லியோனில் அவள் வீட்டில்தான் இருக்கிறார்களாம்; அந்தக் கட்டடத்துக்காரர்கள் வெள்ளிக்கிழமை இரவு அவன் மனைவி நினைவாக விருந்து வைக்கிறார்களாம். தங்கையின் படத்தையும் காட்டினாள். படத்தில் இருந்தது ராகேஷின் ஆபீஸில் வேலை பார்க்கும் வைஷாலி.

ஸ்வர்ணா அழவில்லை. எலெனிடம் ஓர் உதவி மட்டும் கேட்டாள்.

லியோனில் வெள்ளி இரவு. பூமியின் மறுபக்கத்தில், இங்கே சனிக்கிழமை காலை. ஸ்வர்ணா அரக்குப் பட்டுப்புடவை கட்டி, நகை போட்டு, கிளென்ஃபீல்ட் வீட்டில் தன் சொந்தச் சமையலறையில், எலெனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். வீடியோ அழைப்பில் தானும் விருந்தில் கலந்துகொள்வதாக எலென் சொல்லியிருந்ததால், லியோனில் அவள் பக்கத்து வீட்டுக்காரி ஒடீல் லேப்டாப்பைத் திறந்து மேசை நடுவில் வைத்திருந்தாள். அருகே மெழுகுவர்த்தி, அதன் பின்னால் ஸ்வர்ணாவின் படம். திரையில் அதே முகம் வந்ததும் மேசையைச் சுற்றிப் பேச்சு நின்றது.

"ஸ்வர்ணா, ப்ளீஸ், கட் பண்ணு. வந்து பேசிக்கலாம்," என்றான் ராகேஷ்.

"இங்கிலீஷ்ல பேசு ராகேஷ். எல்லாருக்கும் புரியட்டும்."

அவளே ஆங்கிலத்தில் நிதானமாக எல்லாவற்றையும் சொன்னாள். ராகேஷுக்குப் பக்கத்தில் இருப்பது யாரென்பதையும் சொன்னாள். வைஷாலி தலை நிமிராமல் எழுந்து உள்ளே போனாள். ஒடீல் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். சாவியை ஒடீலிடம் கொடுத்துவிட்டு உடனே கிளம்பும்படி எலென் சொன்னாள்.

ஸ்வர்ணா அழைப்பைத் துண்டிக்கவில்லை. லேப்டாப்பை ஜன்னலுக்குக் கொண்டுபோகும்படி ஒடீலிடம் சொன்னாள். கீழே, மழையில், இருவரும் பெட்டிகளை இழுத்துக்கொண்டு கற்படிகளில் இறங்கினார்கள். ராகேஷ் வழுக்கி விழுந்து எழுந்தான், வைஷாலி நிற்கவில்லை.

போதுமா என்று எலென் மெதுவாகக் கேட்டாள்.

இன்னும் கொஞ்சம் பார்க்கிறேன் என்றாள் ஸ்வர்ணா.