பதினோராம் அரசரின் கடைசிக் கவளம்

மிசான் நகரத்தை ஆண்டவர்கள் பதினோரு பேர். முதலாமவர் முட்டையிலிருந்து பிறந்தவர் என்பார்கள். நான் அரண்மனைச் சமையற்கட்டில் இருந்தவள். ஆயிரக்கணக்கில் முட்டை உடைத்திருக்கிறேன். ஒன்றிலிருந்தும் அரசர் எழுந்து வந்ததில்லை. இருந்தாலும் அவர் பெயர் காதில் விழுந்தால் தலை தானாகக் குனிகிறது. பழக்கம் அப்படி.

எங்கள் ஊரில் ஓர் அரசரின் பெயருக்குப் பின்னால் இன்னொரு பெயரும் வரும். வம்சம் பாடும் தொச்சிக் கிழவர் இரண்டையும் சேர்த்துத்தான் பாடுவார். அரசர் கடைசியாக யார் கையால் சாப்பிட்டாரோ, அவரும் கூடவே கல்லறைக்குள் போக வேண்டும். உயிரோடுதான். மறு உலகத்தில் அரசருக்குச் சோறு போட வேறு கை சரிப்படாதாம். யாரையும் வற்புறுத்தி ஊட்டச் சொல்லக் கூடாது, மனமுவந்து ஊட்டிய கையாக இருக்க வேண்டும். அரச ரத்தத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. முறையை வகுத்தவர்களும் அதே ரத்தம்தான், வேறென்ன.

பதினோராம் அரசர் தால்மு, அறுவடை முடிந்த மாதத்தில் படுக்கையில் விழுந்தார். நான்காம் நாளே வைத்தியர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். அன்றிலிருந்து அரண்மனையில் ஒருவருக்கும் கை இல்லாமல் போனது. தினைக் கஞ்சி கொதிக்கும், கருவாடு சுடுவோம், பானையில் அரிசிப் பணியாரம் வேகும். எல்லாம் அவர் அறை வாசற்படி வரை போகும். படியில் வைத்துவிட்டுத் திரும்பி ஓடிவருவார்கள். எழுந்து உட்காரவே முடியாத மனிதர் உள்ளே கிடந்தார். மலை நிறைய இரும்பும் களஞ்சியம் நிறைய நெல்லும் வைத்திருந்த அரசர், மூன்று நாள் பட்டினி. நானும் ஓடிவந்தவர்களில் ஒருத்திதான். இதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை.

எட்டாம் நாள் காலையில் என் தங்கை சோமி காலிக் கிண்ணத்தோடு சமையற்கட்டுக்குள் வந்தாள். முதுகில் மூன்று மாதக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"என்னடி அது?"

"பசிக்குதுன்னு அழுதாருக்கா. சின்னப் பிள்ளை மாதிரி அழுதாரு. எனக்குத் தாங்கல."

"பாவி, ஊட்டினியா? உன் கையாலயா?"

"ஆறு வாய்தான் சாப்பிட்டாரு" என்றாள். அதற்கப்புறம்தான் அவளுக்கே உறைத்தது. கிண்ணத்தைப் போட்டுவிட்டுக் குழந்தையை முன்னால் இழுத்துக் கட்டிக்கொண்டாள்.

நான் நேராக இளவரசர் மொரானிடம் போனேன். முற்றத்தில் குதிரைக்கு லாடம் அடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றார். தகப்பன் சாகக் கிடக்கையில் பிள்ளைக்குக் குதிரைக் கால் பெரிதாகப் போயிற்று.

"சின்னய்யா, நீங்க ஒரு வாய் ஊட்டிடுங்க. உங்க கைக்குத்தான் விலக்கு இருக்கே. யாரும் சாக வேண்டாம்."

"அப்புறம் அப்பா கூட யார் போறது? தனியாப் போவாரா? பக்கத்து நாட்டுச் சாரோக்காரன் கேட்டா வாயால சிரிக்க மாட்டான்."

"அவன் சிரிக்கக் கூடாதுன்னு என் தங்கச்சி போகணுமா?"

"உன் தங்கச்சியை நானா ஊட்டச் சொன்னேன்? அவளா போனா. நல்ல பொண்ணு. தொச்சி அவ பேரைப் பாடுவாரு, உங்களுக்குப் பெருமைதானே." சொல்லிவிட்டு மறுபடி குதிரையிடம் திரும்பினார்.

பெருமையை அடுப்பில் வைத்தால் அது எரியவும் உதவாது. நான் ஒரு கிண்ணம் கஞ்சியை எடுத்துக்கொண்டு, படியைத் தாண்டி உள்ளே போனேன். கடைசிக் கை என் கையாக இருக்கட்டும், சோமி பிழைக்கட்டும். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. போகும்போது மனதில் ஒரு சலனமும் இல்லை, சத்தியமாக.

"யாரு, நாரேயா?" அரசரின் கண்கள் குழியில் கிடந்தன. "காலைல உன் தங்கச்சி வந்தா. அவளுக்குக் கைக்குழந்தை இருக்குல்ல?"

"இருக்குய்யா. மூணு மாசம்."

"அதான் கவலையாப் படுத்திருந்தேன். நீ குடு."

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்துதான் வாயைத் திறந்தார். ஏழு கரண்டி சாப்பிட்டார். மீதி வேண்டாமென்று தலையசைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"தனியாப் போகப் பயமா இருக்கு நாரே. நீ வருவேல்ல?"

"வருவேன்யா."

பிடி தளரவே இல்லை. மூச்சு மட்டும் நின்றுவிட்டது. உச்சி வெயில் நேரம். ஜன்னல் வழியாகப் பணியாரம் வேகும் வாசனை வந்தது. வெளியே யாரோ எதற்கோ சிரித்தார்கள். அந்த வாசனையும் சிரிப்பும் என்னைக் கெடுத்துவிட்டன. கல் மூடியும், அதன் மேல் மண்ணும், உள்ளே இருட்டும் ஞாபகத்துக்கு வந்தன. எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. அவர் விரல்களை என் மணிக்கட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தேன். அந்த விரல்களில் மீதிக் கஞ்சியைப் பூசி, கரண்டியை அவர் கையில் வைத்தேன். அப்புறம்தான் ஒப்பாரி வைத்தேன்.

பெரியவர்கள் ஓடிவந்தார்கள். "கடைசியா யார் கை?" என்று தொச்சி கேட்டார்.

"அவர் கைதான். கிண்ணத்தை மட்டும் வச்சேன். என்னை விலகச் சொல்லிட்டு அவரே அள்ளிச் சாப்பிட்டாரு."

மொரான் குனிந்து தகப்பனின் விரல்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கல்லறையைத் தயார் செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார். தன்னிடம் ஊட்டச் சொல்லி வந்தவளை ஊர் முன்னால் பேசவிட அவருக்கும் பயம் இருந்திருக்கும்.

மண் வாத்துப் பொம்மை ஒன்றை வழித்துணையாக வைத்துக் கல்லறையை மூடினார்கள். தொச்சி வம்சம் பாடினார். "தால்மு" என்று முடித்துவிட்டு, இரண்டாவது பெயருக்காகத் திறந்த வாயோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாயை மூடிக்கொண்டார்.

இரண்டு வருடம் கழித்துச் சாரோப் படை வந்தது. பன்னிரண்டாவதாக உட்கார்ந்திருந்த மொரான் ஓர் அம்புகூட விடாமல் கதவைத் திறந்துவிட்டு, அவர்கள் கொடுத்த பட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர்கள் ஊருக்கே போய்விட்டார். அவரைத் தொச்சி கணக்கில் சேர்க்கவில்லை. உயிரோடு புதைப்பது கூடாதென்று சாரோ அரசு ஆணையும் போட்டது. ஆனால் ஊர் வாயை எந்த ஆணை மூடும்? "பெரியவர் தனியாப் போனார், அங்கே பசியோட இருக்கார், நமக்காகப் பரிந்து பேசச் சக்தியில்லை. அதான் நகரம் போச்சு" என்று இருபது வருடமாகப் பேசுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் மணிக்கட்டு வலிக்கும்.

இந்த வருடம் அறுவடைப் படையலுக்கு நானும் சோமியும் அரசரின் கல்லறை மேட்டுக்குப் போனோம். அவள் மகன் இப்போது சாரோக்காரர்களுக்குக் கோட்டைச் சுவர் கட்டக் கல் சுமக்கிறான். புல்லைப் பிடுங்கிக்கொண்டே சோமி சொன்னாள்:

"நான் ஊட்டினதோட அவர் நிறுத்தியிருக்கலாம்க்கா. நான் போயிருப்பேன். என் பிள்ளையாவது நம்ம ஊருக்குக் கல்லு சுமந்திருப்பான்."

"வாயை மூடுடி."

"நிஜமாத்தான். ஏன் அவரா அள்ளிச் சாப்பிட்டாரோ!"

"அவர் எங்கடி அள்ளினார்? கை தூக்கவே முடியல அவரால. நான்தான் ஊட்டினேன். வருவியான்னு கேட்டார், வருவேன்னு சொன்னேன். முறை உன்னுது இல்ல, என்னுது."

அவள் பிடுங்கிய புல்லைக் கையில் வைத்தபடி என் வலக் கையையே வெகுநேரம் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். படையலுக்குக் கொண்டுவந்த சோற்றுக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள்.

"நீயே வை. அவருக்கு உன் கைதான் பழக்கம்."