நாலு விரல் கடல்

எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில் செய்தித்தாள் விரித்ததே கிடையாது. ஹூக்ளி நதியைத்தான் விரிப்போம். என் கணவர் பத்மநாபனுக்குக் கல்கத்தா துறைமுகத்தில் ஆற்றின் ஆழத்தை வரைபடமாகப் போடும் வேலை. ஆற்றின் அடிமணல் ஓயாமல் இடம் மாறும். போன மாதம் போட்ட படம் இந்த மாதம் உதவாது. உதவாததை வீட்டுக்குக் கொண்டுவருவார். நல்ல கெட்டித் தாள். எண்கள் இருக்கும் பக்கத்தைக் கீழே வைத்து, வெள்ளைப் பக்கத்தின் மேல் பருப்பு டப்பாக்களை அடுக்குவேன். அந்த ஆபீஸ்காரர்கள் எல்லார் வீட்டிலும் இதே கதைதான்.

தொண்ணூற்றொன்பதில் நான் ஒரே பிடியாக நின்றேன். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு எங்கே வேண்டுமானாலும் ஆபீஸ் செலவில் போய்வர எல்.டி.சி. உண்டு. ஒவ்வொரு தடவையும் அது யாராவது ஒருவர் கல்யாணத்தில், திருச்சியில் போய் முடியும். இந்தத் தடவை விடுவதாக இல்லை. மகன் விவேக் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். ஜூலையில் எந்த ஊர்க் கல்லூரிக்கோ போய்விடுவான். நாலு பேரும் சேர்ந்து போக இதை விட்டால் வேறு சமயம் இல்லை.

"அந்தமான். கப்பல்ல. மே மாசம்" என்றேன்.

சண்டைக்குத் தயாராக இருந்தேன். அவரோ மறுநாள் சாயங்காலம் கக்கத்தில் ஒரு நீளச் சுருளோடு வந்தார். நாற்காலிகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் விரித்தார். டாலிகஞ்சில் எங்கள் சின்னக் கூடத்தில் வங்காள விரிகுடா முழுவதும் கிடந்தது.

மேலே ஹூக்ளியின் வாய், என் சுண்டுவிரல் நுனி அளவு. கீழே மூலையில் போர்ட் பிளேர். நடுவில் எண்கள், வெறும் எண்கள். எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் சஹானா மண்டிபோட்டு வாசித்தாள். "ஆறு, பத்து, நாப்பது... பாபாரே! ரெண்டாயிரத்து எரநூறு! மீட்டரா அப்பா?"

"மீட்டர்தான்." அவர் அந்த எண்ணை விரலால் தொட்டார். "நான் இருபது வருஷமா ஆறு மீட்டர், ஏழு மீட்டர்னு போட்டுண்டிருக்கேன். இது நான் வேலைக்குச் சேரறதுக்கு முன்னாடி அளந்தது. இன்னும் அப்படியே இருக்கு."

"இங்கேர்ந்து காளிகாட் வரைக்கும் ரோடைத் தூக்கி நேரா நிறுத்தினா, அத்தனை ஆழம்" என்றான் விவேக். எனக்கு உடம்பு சிலிர்த்தது. தினமும் பஸ்ஸில் போகிற தூரம். அதற்கு மேலே நாங்கள் மிதக்கப்போகிறோம்.

"ஆபீஸ் லைப்ரரிப் படம். கையெழுத்துப் போட்டு வாங்கிண்டு வந்திருக்கேன். பென்சில் படக்கூடாது" என்றார். அதனால் ஒரு நூலை வைத்துக் கப்பல் போகும் வழியைப் போட்டோம். துவரம்பருப்புதான் கப்பல். இரண்டு வாரம் தினமும் சாப்பிட்ட கையோடு தரையில் கவிழ்ந்து, எந்த நாள் எந்த ஆழத்தின் மேல் இருப்போம் என்று பருப்பை நகர்த்தினோம்.

தமிழ் வருஷப் பிறப்புக்கு முதல் நாள் அலமாரியைத் துடைத்தேன். மூலையில் நின்ற சுருள்களில் ஒன்றை இழுத்து, வழக்கம்போல் வெள்ளைப் பக்கம் மேலே இருக்க, மூன்று தட்டுக்கும் வெட்டினேன். நடுவில் அளவு தப்பி நாலு விரல் அகலத்துக்கு மிஞ்சிய துண்டைக் கசக்கி, வாசலுக்கு வந்த குப்பை வண்டியில் போட்டேன். கடைசித் தாளை வைக்கும்போது ஓரம் மடங்கியது. ஆற்றுப் படமென்றால் இரண்டு பக்கமும் கரை இருக்கும். இதில் கரையே இல்லை.

வாசலுக்கு ஓடினேன். வண்டி போய்விட்டது. அந்தப் படத்தைக் கொடுத்த மேலதிகாரி கோஷால் பாபுவின் மேஜையில்தான் எங்கள் லீவு விண்ணப்பமும் கிடந்தது.

ஆபீஸிலிருந்து வந்தவரிடம் சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. உட்கார்ந்து துண்டுகளைப் பின்பக்கம் தாள் வைத்து ஒட்டினார். நடுவில் நாலு விரல் அகலத்துக்குக் கடல் காலியாக இருந்தது.

"நீயே எழுதிடேன்ப்பா. உன் எழுத்து அச்சு மாதிரிதானே, யாருக்குத் தெரியப்போறது?" என்றான் விவேக்.

"அளக்காத ஆழத்தை எழுதப்படாதுடா. எவனாவது அதை நம்பிக் கப்பல் ஓட்டுவான்."

"வெட்டினது நான். நானே வந்து சொல்றேன்" என்றேன். பண்டிகை கழிந்ததும் அவரோடு ஆபீஸுக்குப் போனேன்.

கோஷால் பாபு படத்தை விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "எத்தனை தட்டு, பௌதி?" என்று அண்ணி முறை வைத்து வங்காளியில் கேட்டார்.

"மூணு."

"எங்கள் வீட்டில் அஞ்சு" என்றார், சிரிக்காமல். "வேறு பிரதி வரவழைக்கலாம். ஆனால் உங்களுக்குத் தண்டனை உண்டு. இந்தக் காலி இடத்தைக் கப்பல் தாண்டுகிறவரை நாலு பேரும் மேல்தளத்தில் நிற்க வேண்டும். நான் இத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் போனதில்லை. என்ன இருக்கிறது என்று வந்து சொல்லுங்கள்." விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்.

கப்பலில் மூன்றாம் நாள், மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, கப்பல் வேகத்தைக் கணக்குப் போட்டிருந்த என் கணவர் கடிகாரத்தைப் பார்த்து, "ஆரம்பிச்சுடுத்து" என்றார். நின்றோம். நீலம் என்று சொல்ல முடியாத, கறுத்த தண்ணீர். எந்தப் பக்கம் திரும்பினாலும் வானம் வந்து தொடும்வரை அதுதான். ஒரு மணி ஆயிற்று, இரண்டு ஆயிற்று, தீரவில்லை. இத்தனையையுமா நான் கசக்கி எறிந்தேன்! பயமும் சந்தோஷமுமாக எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தப் படம் போனபிறகு வீட்டில் பத்து நிமிஷம் எங்களோடு உட்காராத விவேக், என் தோளை ஒட்டி நாலு மணி நேரமும் நின்றான்.

நாலு மணிக்கு அவர், "விஜயா, நீ வெட்டின எடம் தாண்டியாச்சு" என்றார்.

விவேக் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்சம் பெரிசா வெட்டியிருக்கலாமேம்மா" என்றான்.