வகிடு மட்டும் தெரியும் உயரம்

தையல்காரியின் மகள், போன் திரையைத் தள்ளுவதுபோல, கட்டைவிரலால் காற்றை ஒருமுறை மேலே தள்ளினாள்; தையல்காரி கழுத்தில் கிடந்த அளவு நாடாவோடு எழும்பிப்போய், மின்விசிறிக்குப் பக்கத்தில் கூரையோடு முதுகு ஒட்டிக்கொண்டாள். லைனிங் துணி விலை ஏறிய அதே வாரம்தான். தெருவில் விலையைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். ஏனென்றால் அதற்குள் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் ஆட்களைத் தள்ளியிருந்தார்கள்.

அந்தப் பெண் தவழ்ந்துகொண்டிருந்தபோது, ஓடுகிற ஊசிக்கு அடியில் விரலை நீட்டப் பார்த்தாள். எந்தத் தாய்க்குத்தான் பதறாது, சொல்லுங்கள் கண்ணுகளா. தையல்காரி படம் ஓடும் போனை அளவு நாடாவால் கட்டி மெஷினின் கழுத்தில் தொங்கவிட்டாள். குழந்தை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. தைக்கக் கொடுக்க வந்தவர்கள், “இது பிள்ளையா, கடையில வச்ச பொம்மையா?” என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். தையல்காரிக்குப் பெருமை பிடிபடவில்லை. பொம்மை என்பதே பெயராக நின்றுவிட்டது. பொம்மைக்குப் பால்பல் விழுந்ததும் புதுப்பல் முளைத்ததும் அந்த வெளிச்சத்தில்தான். அளவெடுக்கக் கையைத் தூக்கச் சொன்னால் தூக்குவாள். தலையை மட்டும் தூக்கமாட்டாள்.

முதலில் மேலே போனவர் அவளுடைய சித்தப்பா. சொன்ன ஜோக்கையே சொல்லும் மனிதர். பாதி ஜோக்கில் பொம்மை சலிப்போடு விரலைத் தள்ள, அவர் பிஸ்கட் தட்டோடு கூரைக்குப் போய்விட்டார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை, தின்றார். தூள் தலையில் கொட்டவே பொம்மை எரிச்சலோடு அண்ணாந்து பார்த்தாள். மனிதர் பொத்தென்று இறங்கினார். “மிச்சத்தக் கேளு, இனிமேதான் சிரிப்பே இருக்கு” என்றார், தலையெல்லாம் சுண்ணாம்புத் தூளோடு. தள்ளிய பிள்ளை அண்ணாந்து பார்த்தால் போனவர் இறங்கிவிடுவார் என்பது அப்படித்தான் தெரிந்தது. பிறகு கணக்கு வாத்தியார் போனார். அவர் மேலே இருந்தபடியே பாடம் நடத்திப் பழகிவிட்டார். மேலே போகிறவர்கள் அடிபடாமல் இருக்க வகுப்புகளில் மின்விசிறிகளைக் கழற்றினார்கள். பிள்ளைகள் வேர்வையோடு குனிந்திருந்தார்கள்.

“யாரை வேணா தள்ளட்டும். என்னைத் தள்ளமாட்டா எம்பொண்ணு” என்று தையல்காரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே சொத்து அந்த நம்பிக்கைதான். பொம்மைக்குப் பதினான்கு முடிந்த அன்று, மிச்சத் துணிகளைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு கவுன் தைத்து, காஜா எடுத்து, பித்தான் வைத்து, மகளுக்கும் போனுக்கும் நடுவில் விரித்துப் பிடித்தாள். “ஒரே ஒரு தடவ பாருடி, தங்கம்.” அப்போதுதான் விரல் அசைந்தது. கவுன் கீழே விழுந்தது. பொம்மை அதைக் காலால் ஒதுக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் பள்ளி வேன் ஓட்டிவிட்டு வந்த அப்பா, மேலே பார்த்தார், மகளைப் பார்த்தார். “அம்மா மேல இருக்காம்மா. தலையத் தூக்கிப் பாரு.”

“இருப்பா, இது முடியட்டும்.”

அது முடிந்தது. அது முடியும்போதே இன்னொன்று தொடங்கியது. அப்பா கெஞ்சினார், திட்டினார், ஒருநாள் போனைப் பிடுங்கியும் வைத்தார்; பொம்மை தன் வெறும் உள்ளங்கையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பயந்துபோய் அவரே திருப்பிக் கொடுத்தார். ஒரே ஒருமுறை, பரிதாபப்பட்டோ என்னவோ, அவள் குனிந்த தலையோடு போனை மட்டும் உயர்த்தி அதன் வழியாக அம்மாவைப் பார்த்தாள். தையல்காரி ஒரு ஜாண் இறங்கினாள். அதற்குமேல் இறங்கவில்லை. திரையில் பார்த்த பார்வைக்கு அவ்வளவுதான் வலு.

அப்பா மின்விசிறியைக் கழற்றிவிட்டு, அந்தக் கொக்கியில் பலகையோடு கைமெஷினைத் தொங்கவிட்டார். கூரை நல்ல வெக்கை. ஆனாலும் வேலை நின்றுபோகவில்லை. தைக்கக் கொடுப்பவர்கள் ஸ்டூலில் ஏறி நின்று அளவு கொடுத்தார்கள், வெள்ளையடிக்க வந்த பெயின்டர் அவளைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார். தையல்காரிக்கு மகளின் முகம் மறந்துகொண்டே வந்தது, தெரிந்ததெல்லாம் வகிடு. ஆனால் பொம்மை வளர வளர அந்த வகிடு கொஞ்சம் கொஞ்சமாக அவளை நோக்கி வந்தது. ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும்போது தையல்காரி அளவு நாடாவை அந்த வகிடு வரை கீழே இறக்குவாள். வருஷத்துக்கு வருஷம் குறைவான நாடாவே தேவைப்பட்டது. “இன்னும் கொஞ்சந்தாங்க” என்பாள் கணவரிடம்.

பிறகு பெண்பிள்ளைகளுக்கு வளர்த்தி நிற்கும் வயதில் பொம்மைக்கும் நின்றது. நாடாவும் அதே அளவில் நின்றது.

இப்போதும் தையல்காரி சில நேரம் மெஷினை நிறுத்திவிட்டு நாடாவை இறக்கி, அதன் நுனியால் மகளின் வகிட்டைத் தொடுகிறாள். நூல் துண்டு விழுந்துவிட்டது என்று பொம்மை தலையைத் தட்டிக்கொள்கிறாள். காலையில் வீடு முழுக்க, மேலேயிருந்து விழுந்த நூலாகக் கிடக்கும். பொறுப்பான பெண்தான், ஒரு துண்டு விடாமல் கூட்டி அள்ளிவிடுவாள், குனிந்தபடியே.