நான் இருக்கோம்

கனடாவின் கிழக்கோரத்தில் பிரெஞ்சு பேசும் எங்கள் கடற்கரையில் "நாங்கள்" என்ற சொல் கிடையாது. "நான்" என்று தொடங்கி "ஓம்" என்று முடிப்போம். நான் போனோம். நான் சாப்பிட்டோம். ஒருத்தரைப் பற்றிய பேச்சா, ஊரைப் பற்றிய பேச்சா என்பது வாக்கியத்தின் வாலில் தெரிந்துவிடும். பள்ளியில் ஆசிரியைகள் அதைச் சிவப்பு மையால் அடித்தார்கள். மணி அடித்து வெளியே வந்ததும் அப்படியே பேசினோம். இதை நான் பள்ளிக்கூடத்து மொழியில்தான் எழுதுகிறேன். ஜோலேன் அதில் பாடியதில்லை.

ஊரில் திமோ என்ற குடும்பப் பெயர் பதினெட்டு வீடுகளுக்கு உண்டு. அதனால் அவளைத் தகப்பன் பெயரோடு ஒடிலோனின் ஜோலேன் என்போம். ஒடிலோன் படகு வைத்திருந்தார். படகை விற்றபோது இயந்திரத்தை மூடியிருந்த பலகையை மட்டும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள். பாடும்போது நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு காலாலும் அந்தப் பலகையைத் தட்டுவாள். அடியில் ஒரு மைக். அதன்மேல் மின்கருவியிலிருந்து வரும் பெட்டித் தாளம், அவளுடைய கிதார், என் பிடில். கடலுக்கு அந்தப் பக்கத்து அமெரிக்க வானொலியிலிருந்து கன்ட்ரி பாட்டும், அண்ணனின் கேசட்டுகளிலிருந்து ராப்பும் அவளிடம் வந்து சேர்ந்திருந்தன. எதையும் அவள் விட்டுக்கொடுக்கவில்லை.

முதல் கச்சேரி தேவாலயக் கூடத்தில் நடந்தது. கூடத்துக் குழுவின் தலைவி உலீஸின் மார்த். பிடிலுக்கு ஆடச் சொல்கிறாயா, பையன்கள் காரில் அலறவிடும் டமடமவுக்கு ஆடச் சொல்கிறாயா என்று எல்லார் முன்பும் கேட்டாள்.

"ரெண்டுக்கும் ஆடுறது ஒரே காலுதானே அக்கா" என்றாள் ஜோலேன்.

மார்த் சிரிக்கவில்லை. அடுத்த ஆண்டும் கூடத்தைக் கொடுத்தாள்.

பன்னிரண்டு ஆண்டுகள். மூன்று ஆல்பங்கள். நாட்டுப்பாடல் போட்டியின் நடுவர்கள் இது நாட்டுப்பாடல் அல்ல என்றார்கள். கன்ட்ரி விழாக்காரர்கள் ஆங்கிலத்தில் பாடினால் மேடை உண்டு என்றார்கள். ஹாலிஃபாக்ஸ் கடைக்காரர் முதல் ஆல்பத்தைக் குழந்தைப் பாடல் தட்டில் வைத்திருந்தார். அட்டையில் சிங்கி இறால் படம் இருந்ததுதான் காரணம். ஜோலேன் அதை வேறு தட்டுக்கு மாற்றச் சொல்லவில்லை. "குழந்தைங்களாவது கேட்கட்டும்" என்றாள்.

குளிர்காலங்களில் மீன் ஆலைக்குப் போனாள். அறுப்பு மேசையில் அவளைத் தவிர முப்பத்தொரு பெண்கள்; அங்கும் தலைவி மார்த்தான். கத்தி பிடித்துப் பிடித்து ஜோலேனின் வலது மணிக்கட்டு வீங்கியது. இன்னொரு குளிர்காலம் அறுத்தால் அந்தக் கையால் கிதார் வாசிக்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அவளுக்கு முப்பத்தொன்பது வயது.

அந்த மேசையில் நின்றபடிதான் "நான் இருக்கோம்" பாட்டைக் கட்டினாள். அந்தக் காலத்தில் ஆங்கிலேயர்கள் எங்கள் ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டு வீடுகளைக் கொளுத்தினார்கள். நடந்தே திரும்பி வந்தவர்களுக்கு இந்தக் கல் கரையைக் கொடுத்தார்கள். பாட்டில் கப்பலும் இல்லை, நெருப்பும் இல்லை. கிழிந்த கையுறை உண்டு, செதிள் ஒட்டிய தலைமுடி உண்டு, காலை ஏழு மணிச் சங்கு உண்டு. ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் அந்த இரண்டு சொற்கள்.

மொன்ட்ரியாலிலிருந்து ரெமி லாங்தோ அழைத்தார். ஆல்பம் தயாரிப்பவர். ஞாயிற்றுக்கிழமை மாலை தொலைக்காட்சி நேரலை நிகழ்ச்சியில் அந்தப் பாட்டைப் பாட வேண்டும். நன்றாக அமைந்தால் நான்காவது ஆல்பம் அவர் பொறுப்பு, நாற்பது ஊர்களில் கச்சேரி. ஆலைக்கு இனி வரமாட்டேன் என்று ஜோலேன் மார்த்திடம் சொன்னாள். மார்த் அவளுடைய கத்தியை வாங்கிக் கழுவி வைத்தாள்.

வேனில் பதினான்கு மணி நேரம் போனோம். பலகை பின்னால் ஆடிக்கொண்டே வந்தது.

ஒத்திகையின்போது பக்கத்துத் திரையில் அவள் முகம் தெரிந்தது. முகத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. பிரெஞ்சு நிகழ்ச்சி, பிரெஞ்சுப் பாட்டு, அதற்குப் பிரெஞ்சில் எழுத்து.

வரிகளுக்கு நடுவே, காலை நிறுத்தாமலே என் பக்கம் சாய்ந்தாள். "டேய் பிளாசிட், என்னை மொழிபெயர்க்கிறாங்கடா."

எனக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சரணம் முடிந்தது. அவள் "நான் இருக்கோம்" என்று பாடினாள். திரையில் "நான் இருக்கிறேன்" என்று வந்தது.

கால்கள் நின்றுவிட்டன.

ரெமி வந்தார். மென்மையான மனிதர். எழுத்துப் பிரிவில் இலக்கணப் பிழை என்று நினைத்துத் திருத்தியிருப்பார்கள், பிழையோடு திரையில் போட மாட்டார்கள் என்றார். "நாங்கள்" என்று போடச் சொன்னாள் ஜோலேன். காதில் "நான்" என்று விழுந்து கண்ணில் "நாங்கள்" என்று தெரிந்தால் புகார் வரும் என்றார் அவர். "நாங்கள் இருக்கிறோம்" என்றே அவள் பாடிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

அவள் பாடிப் பார்த்தாள். சொல் ஓரிடத்தில் விழுந்தது, கால் வேறோரிடத்தில் விழுந்தது. இன்னொரு முறை பாடினாள். "என் கால் ஒத்துக்க மாட்டேங்குது" என்றாள்.

"ஒரே ஒரு சொல்லு, ஜோலேன். அதுக்காக ஒரு ஆல்பத்தை விடுவீங்களா?"

"அந்தச் சொல்லுல முப்பத்தொரு பேர் இருக்காங்க. நீங்க அதை ஒருத்தியாக்கிட்டீங்க."

யோசித்துச் சொல்லுங்கள் என்று அவர் போய்விட்டார். அவள் யோசித்ததாகத் தெரியவில்லை. மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு, கூடத்தில் இந்நேரம் உருளைக்கிழங்கு வேகவைத்திருப்பார்கள், மார்த் உப்பைக் கூட்டியிருப்பாள் என்றாள். ஆலைப் பெண்கள் எல்லாரும் தேவாலயக் கூடத்தில் கூடி நிகழ்ச்சியைப் பார்ப்பதாக ஏற்பாடு.

நேரலை தொடங்கியது. இரண்டு சரணங்களை ஒழுங்காகப் பாடினாள். திரையில் இரண்டு முறை "நான் இருக்கிறேன்" என்று வந்தது. மூன்றாவது சரணத்துக்கு முன் கிதாரிலிருந்து கையை எடுத்தாள். பெட்டித் தாளத்தை அணைத்தாள். நான் வில்லை இறக்கினேன். கால் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

உலீஸின் மார்த், என்று பாடினாள். இரண்டு தட்டு. தோதீமின் எலோடி. இரண்டு தட்டு. மிலியாரின் செவெரீன்.

ஊரில் கூப்பிடுவது போலவே, தகப்பன் பெயரோடு. திரையில் முதல் பெயரைத் தப்பாக எழுதினார்கள். இரண்டாவதற்குக் கேள்விக்குறி போட்டார்கள். மூன்றாவதில் எழுத்து நின்றுவிட்டது. அதன்பின் அவள் முகத்துக்குக் கீழே வெறும் கறுப்புப் பட்டை.

மேடை மேலாளர் விரலைச் சுற்றிச் சுற்றி முடிக்கச் சொன்னார். அவள் அவரைப் பார்த்தபடியே அடுத்த பெயரைப் பாடினாள். கொடுத்த நேரம் தீர்ந்தது. அடுத்த விருந்தாளியின் நேரமும் பாதி தீர்ந்தது. கடைசியில், நான் இருக்கோம் என்றாள். பட்டையில் ஒரு எழுத்தும் இல்லை.

பார்வையாளர்களில் பாதிப் பேர் மட்டும் எழுந்து கைதட்டினார்கள்.

நடைவழியில் ரெமி நின்றிருந்தார். கண் கலங்கியிருந்தது. "அருமையா இருந்துச்சு. ஆனா இதை வெச்சுக்கிட்டு என்னால ஒண்ணும் பண்ண முடியாது." ஜோலேன் அவருக்கு நன்றி சொன்னாள். பலகையின் ஒரு முனையை அவள் பிடித்தாள், மறுமுனையை நான் பிடித்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிச் சங்கு ஊதியபோது இருவரும் ஆலை வாசலில் இருந்தோம். எனக்கும் அங்கேதான் வேலை, ஐஸ் பிரிவில். அவள் நேராக அறுப்பு மேசைக்குப் போனாள்.

மேசையில் நின்றவர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். க்ளோதில்ட் மட்டும் முதுகைத் திருப்பிக்கொண்டாள். முப்பத்தொரு பெயரில் ஜோலேன் முப்பதுதான் பாடியிருக்கிறாள், விட்டது க்ளோதில்டை.

"ரெண்டு வருஷமா உன் பக்கத்துல நின்னு அறுக்கிறேன். என் பேரு எங்கடி போச்சு?"

"அடுத்த ஆல்பத்துல முதல் பேரே உன்னோடதுதான்."

"அதை எவன் போடுவான்?"

"நான் போடுவோம்."

மேசை முழுக்கச் சிரித்தது. க்ளோதில்ட் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் திரும்பினாள். எலோடி, "நான் டிவியில வந்தோம்" என்று கடைக்காரனிடம் சொல்லி ரொட்டியைச் சும்மா வாங்கிவிட்டதாகச் சொன்னாள்.

ஜோலேன் கத்தியை எடுக்கக் கை நீட்டினாள். மார்த் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மேசையைச் சுற்றி நின்றவர்களின் தட்டுகளில் வழக்கத்தைவிட மீன் உயரமாகக் குவிந்திருந்தது. ஜோலேனின் தட்டு காலியாக இருந்தது.

"டப்பா ஒட்டுற மேசைக்குப் போடி" என்றாள் மார்த். "இனி உன் மீனை நான் அறுப்போம்."